கேள்வி வேற, பூட்டு வேற!

திருவல்லிக்கேணி பக்கத்து ஒண்டுக்குடித்தன வீடுகளைப் பத்திக் கேள்விப்பட்டிருக்கீங்களா ஃப்ரெண்ட்ஸ்? ஒரே வாசல், ஒரே முற்றம், ஒரே அடிபம்ப். ஆனா, ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனிப் பூட்டு. நான் வேலை பார்க்கிற சாஃப்ட்வேரும் அப்படித்தான். பல டியூஷன் சென்டர்கள் குடியிருக்கும் ஒரே அப்ளிகேஷன், ஒரே டேட்டாபேஸ். எங்க பாஷையில் 'மல்டி டெனன்ட்'.

சாயங்காலம் ஆறு மணி ஆனா போதும், எல்லா சென்டரும் அட்டெண்டன்ஸ் போட ஆரம்பிக்க, சைட் ஆமை வேகத்தில் நகரும். லாகைத் திறந்து பார்த்தேன். வகுப்பில் 40 பேர். ஒவ்வொரு பெயரையும் பதியும் முன்னால் டேட்டாபேஸிடம் மூன்று கேள்விகள். 'இந்த சென்டர் சந்தா கட்டியிருக்கா? இந்த டீச்சர் இந்த சென்டர் ஆளா? அட்டெண்டன்ஸ் போட இவருக்கு உரிமை இருக்கா?' மொத்தம் 120 கேள்வி. பதில் மட்டும் மாறவே இல்லை! வாசலில் விசாரித்து உள்ளே விட்ட ஹவுஸ் ஓனர் மாமி, முற்றத்தில் ஒரு தடவை, பம்படியில் ஒரு தடவை "நீங்க யாரு?"ன்னு கேட்ட கதைதான்.

"பேசாம எல்லா செக்கையும் தூக்கிடலாமாக்கா?" என்றான் டீமில் புதுசா சேர்ந்த தம்பி. எனக்குப் பகீரென்றது. பசங்க பெயர், அப்பாவோட செல் நம்பர், ஃபீஸ் பாக்கி... எல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு. ஒரு சென்டர் விவரம் இன்னொரு சென்டர் கண்ணில் பட்டால்?

"இல்லப்பா. கேள்வி வேற, பூட்டு வேற" என்றேன். இரண்டு பேரும் உட்கார்ந்து பிரித்தோம்.

அந்த மூன்றும் கேள்விகள். ரிக்வெஸ்ட் நுழையும்போதே ஒரு தடவை கேட்டு, அது முடியும்வரை மட்டும் பதிலைக் கையில் வைத்துக்கொண்டோம். 120, மூன்றானது! அடுத்த ரிக்வெஸ்ட்டுக்கு மறுபடி கேட்போம். நடுவில் டீச்சர் வேலையை விட்டே போயிருக்கலாமே!

அடுத்து, புது மாணவரைச் சேர்க்கும்முன் 'இந்த ரோல் நம்பர் ஏற்கெனவே இருக்கா?' என்ற கேள்வி. ஒரே நொடியில் இரண்டு பேர் கேட்டால், இருவருக்குமே 'இல்லை' என்று பதில் வரலாம். அதனால் சென்டர் ஐடி, ரோல் நம்பர் இரண்டையும் சேர்த்து யுனிக் கன்ஸ்ட்ரெய்ன்ட் போட்டோம். இரண்டாவது ஆளை டேட்டாபேஸே தடுத்துடும். ஒரு கேள்வி மிச்சம்.

ஆனா, ஒவ்வொரு க்வெரியிலும் வரும் 'இந்த சென்டருடையது மட்டும்' என்ற நிபந்தனையை மட்டும் தொடவில்லை. அது பூட்டு! அதுக்கு மேல, போஸ்ட்கிரெஸ் 2016-ல் 9.5 பதிப்போடு கொண்டுவந்த 'ரோ லெவல் செக்யூரிட்டி'யையும் போட்டோம். நிபந்தனையை யாராவது எழுத மறந்தாலும் அடுத்த வீட்டுச் சரக்கு வெளியே வராது. ஒரு விஷயம்... டேபிளுக்கு ஓனரான அக்கவுண்ட்டில் அப்ளிகேஷன் கனெக்ட் ஆனா, சாதாரணமா இந்தப் பூட்டு வேலை செய்யாது. அதனால் அப்ளிகேஷனுக்குத் தனி அக்கவுண்ட்.

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் பண்ற மக்களே, இன்னிக்கே லாகைத் திறங்க. ஒரே ரிக்வெஸ்ட்டில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருதா? தூக்குறதுக்கு முன்னாடி, அது கேள்வியா, பூட்டான்னு மட்டும் ஒருமுறை பார்த்துக்கோங்க!