'அமோக்' என்னும் சொல்

அலுவலகத்துக்கு வரும் ஆங்கில நாளிதழில் 'அமோக்' என்ற சொல் அடிக்கடி நம் கண்ணிற் படுகிறது. திருவிழாவில் யானை மிரண்டாலும், சந்தையில் காளை பாய்ந்தாலும், கூட்டத்தில் கலகம் மூண்டாலும் அங்கே அச்சொல்தான். நம் பிள்ளைகளும் பள்ளியிலிருந்து அதனைக் கொண்டுவந்துவிட்டனர். ஆசிரியர் வரவில்லையாம், வகுப்பே அமோக் ஆகிவிட்டதாம்! அமோக விளைச்சல் என்கிறோமே, அதற்கும் இதற்கும் உறவு உண்டோ என அன்பர் ஒருவர் வினவினார். இல்லை, அது வடசொல், இது மலாய்ச் சொல்.

மலாய் மொழியில் 'அமுக்' என்றால் வெறிகொண்டு பாய்ந்து தாக்குதல் என்று பொருள். முற்காலத்தில், உயிரைத் துச்சமாக எண்ணிப் பகைவர் நடுவே புகும் போர்வீரனின் செயலையும் அது குறித்தது. போர்த்துக்கீசியரான துவார்த்தே பர்போசா 1516-ஆம் ஆண்டை ஒட்டிச் சாவகத்தாரைப் பற்றி எழுதுகையில் இச்சொல்லைக் குறித்தார். ஆங்கிலக் கவிஞர் டிரைடன் 1687-இல் இதனை இரண்டாகப் பிளந்து, 'மக்' என்று ஒரு தனிச்சொல் இருப்பதுபோல் ஆண்டார். சம்பளப் பட்டியலில் நம் பெயர்கள் படும் பாட்டை அறிந்தவர்க்கு இதில் வியப்பிராது.

மலையாளக் கரையில், சாவதற்கே உறுதி பூண்டு சென்ற சாவேறு வீரர்களையும் போர்த்துக்கீசியர் இச்சொல்லாலேயே சுட்டினர். 1886-இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதியில் யூல், பர்னல் இருவரும், போரைக் குறிக்கும் 'அமர்' என்ற சொல்லோடு இதற்குத் தொடர்பு இருக்கலாமோ என்று எண்ணிப் பார்த்தனர். அமர் நம் தமிழிலும் உண்டு. உடனே, இதுவும் தமிழே என்று முரசறைய நம்மவர் சிலர் புறப்படுவர். நாம் அவர்களோடு சேரோம். மலாய் மக்களின் சொல் மலாய் மக்களுக்கே உரியதாகுக.

ஆயினும் இச்சொல்லின் வரலாற்றில் தமிழருக்கு வேறோர் இடம் உண்டு. அதை அறிந்தபின் நமக்கு இச்சொல்லை விளையாட்டாக வழங்க மனம் வரவில்லை. 1846-ஆம் ஆண்டு ஜூலை 8-ஆம் நாள், பினாங்கில் சூனான் என்ற மலாய்க்காரன் ஆயுதம் ஏந்தித் தெருவில் ஓடினான். அவன் வீடு கட்டும் தொழிலாளி; நன்மதிப்புள்ளவன். மனைவியையும் குழந்தையையும் அண்மையில் இழந்து, துயரத்தால் உருமாறிப் போயிருந்தான் என்று விசாரணையில் தெரிந்தது. எதிர்ப்பட்டவரை எல்லாம் வெட்டினான். மாண்டவருள் ஓர் இந்துக் கிழவி, ஒரு சீனச் சிறுவன் ஆகியோரோடு, தந்தையின் கையில் இருந்த மூன்று வயதுப் பெண் குழந்தையும் ஒன்று. அக்குழந்தையை ஏடு 'கிளிங்' என்கிறது. சூனானுக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது.

கிளிங் என்பது கலிங்கம் என்ற பெயரின் வழி வந்தது; அந்நாட்டில் குடியேறிய தென்னிந்தியரை, பெரும்பாலும் தமிழரை, அச்சொல்லால் சுட்டினர். இன்று மலேசியத் தமிழர் அதனை இழிசொல்லாகவே கருதுகின்றனர். பிழைக்கப் போன இடத்தில் பிள்ளையைக் கையில் ஏந்தி நின்ற அத்தந்தையை நினைக்குந்தோறும் நம் நெஞ்சு கனக்கிறது. தன் பிள்ளையைப் பறிகொடுத்த ஒருவனே இன்னொருவனின் பிள்ளையைப் பறித்தான் என்பதும் நம்மை விட்டு அகலவில்லை.

வெள்ளை அதிகாரிகள் பலர் இதனை மலாய் இனத்தின் இயல்பு என்றனர். சிலர் அபினியைக் காரணம் காட்டினர். 1994-இல் வெளிவந்த அமெரிக்க மனநோய்க் கையேடும் சில சமூகங்களுக்கே உரிய நோய்களின் பட்டியலில் இதனைச் சேர்த்தது. ஆனால் காரணமின்றித் தோன்றும் இத்தகைய கொலைத் தாக்குதல்கள் இன்று எந்த நாட்டில்தான் நிகழவில்லை? அமெரிக்கப் பள்ளிகளில் நடப்பதைச் செய்தித்தாளில் படிக்கிறோமே!

யானைக்கு மதம் பிடித்தது என்றே நம் முன்னோர் கூறினர். வகுப்பில் எழும் கூச்சலைக் கூச்சல் என்றே சொல்லுமாறு நம் வீட்டுப் பிள்ளைகளிடம் கூறியுள்ளோம். ஏன் என்று மூத்தவள் கேட்டாள்; பினாங்குச் செய்தியைச் சொன்னோம்.