தெளிந்த நீர்

அடி அண்ணாமலையில் நாங்கள் வீடு கட்டிக் குடியேறியது 2012ஆம் ஆண்டு ஆவணி மாதம். ஆழ்துளைக் கிணற்றில் முந்நூறு அடிக்குக் கீழே தண்ணீர் கிடைத்தபோது முதல் செம்பை அம்மாதான் கையில் ஏந்தினார். பளிங்கு போன்ற நீர். கலங்கலும் இல்லை, வாடையும் இல்லை. கிரிவலப் பாதையில் வருண லிங்கத்தைத் தாண்டினால் எங்கள் ஊர். நீர்க்கடவுளுக்கு அண்டை வீட்டாராகிவிட்டோம், இனி என்ன குறை என்று நானும் எண்ணிக்கொண்டேன்.

ஒரே வாரத்தில் அம்மா அழைத்தார். "ஏம்பா, பருப்பு வேகவே மாட்டேங்குது. தண்ணியில ஏதோ இருக்குது." துணி சோப்பு நுரைப்பதற்குப் பதில் தயிர்போலத் திரிந்தது. வெந்நீர்ப் பானையின் அடியில் வெள்ளைச் செதில்கள் படிந்தன. ஆறாம் மாதத்தில் கீசரின் கம்பிச்சுருள் சுண்ணாம்பு பூசிய சுவர்போல் ஆகி, வெடித்துவிட்டது.

தமிழ் படித்தவன் இத்தகைய வேளையில் என்ன செய்வான்? தேற்றாங்கொட்டையைத் தேடினேன். கலங்கிய நீர் அவ்விதையால் தெளிவதைக் கலித்தொகை உவமையாக ஆள்வதை ஆண்டுதோறும் மாணவர்க்குச் சொல்லி வருபவன் நான். நாட்டு மருந்துக் கடையில் வாங்கி வந்து, குடத்தின் உட்புறம் பக்தியோடு உரைத்து, ஓர் இரவு வைத்தேன். மறுநாளும் பருப்பு வேகவில்லை. கல்லூரியில் வேதியியல் நண்பரிடம் சொன்னபோது அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "ஐயா, உங்க தண்ணி கலங்கலா இருந்தாத்தானே தேற்றாங்கொட்டைக்கு வேலை? அது மண்ணைத்தான் படிய வைக்கும். கரைஞ்சு போன சுண்ணாம்பை ஒன்னும் பண்ணாது."

அவரே ஆய்வுக்கூடத்தில் பரிசோதித்துத் தந்தார். லிட்டருக்கு 780 மில்லிகிராம் கடினத்தன்மை. இந்தியத் தர நிர்ணயத்தின்படி ஏற்கத்தக்கது 200. வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை. மழைநீர் மண்ணுக்குள் இறங்குகையில் கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு, பாறை வெடிப்புகளில் நெடுங்காலம் தங்கி, கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கரைத்துக்கொள்கிறது. அந்தக் கால்சியம்தான் பருப்பிலுள்ள பெக்டினை இறுக்கிவிடுகிறது. ஒரு சிட்டிகை ஆப்பச்சோடா இட்டால் வேகும் என்பதை அம்மா எவரும் சொல்லாமலே கண்டுபிடித்திருந்தார். சீயக்காய்க்கு இந்த நீரில் திரிதல் இல்லை என்பதையும் அவரே முதலில் கவனித்தார்.

ஆர்.ஓ. இயந்திரம் வாங்கினோம். ஒரு குடம் நல்ல நீருக்கு மூன்று குடம் கழிவாக ஓடியது. கோடையில் தெருவே குடத்தோடு நிற்கும்போது, நம் வீட்டுச் சாக்கடையில் நீர் ஓடும் ஓசையைக் கேட்டுக்கொண்டு உறங்குவது எளிதன்று. அதைப் பிடித்துக் கறிவேப்பிலைக்கு ஊற்றினேன். உப்பேறிச் செடி பட்டுப்போனது. பிறகு தரை கழுவவும் கழிவறைக்கும் வைத்துக்கொண்டோம்.

இவையெல்லாம் தொல்லைகள் மட்டுமே. அஞ்ச வேண்டியது வேறிடத்தில் இருந்தது, எனக்குத்தான் புலப்படவில்லை. உப்புத் தண்ணீர் குடித்தால் சிறுநீரகத்தில் கல் வரும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னதை அம்மா மனத்தில் வைத்துக்கொண்டுவிட்டார். இயந்திர நீரோ அவர் நாவுக்குச் சப்பென்றிருந்தது. ஆகவே இரண்டையும் குறைத்துக்கொண்டார். ஒரு நாளைக்கு மூன்று செம்பு, பிறகு இரண்டு. 2019 சித்திரையில் ஒரு நள்ளிரவு இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தார். ஸ்கேனில் தெரிந்தது கல்தான்.

"கடின நீரால்தான் கல் வருதுன்னு உறுதியா சொல்ல முடியாதும்மா. தண்ணி கம்மியா குடிச்சா வரும்கிறது மட்டும் உறுதி" என்றார் மருத்துவர். அம்மா என்னைப் பார்த்தார். எத்தனை செம்பு குடிக்கிறார் என்று ஏழாண்டுகளில் நான் ஒருமுறையும் கேட்டதில்லை. லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று மட்டும் எனக்குத் தெரிந்திருந்தது.

மழைநீர்ச் சேகரிப்பை 2003இல் தமிழக அரசு கட்டாயமாக்கியது. எங்கள் வீட்டிலும் அனுமதிக்காக ஒரு குழாயைப் பொருத்தி மறந்திருந்தோம். அந்த ஐப்பசியில் அதை டிரம்முக்குத் திருப்பினேன். முதல் மழையைக் கூரை கழுவ விட்டுவிட்டு, அடுத்ததை வெள்ளைத் துணியில் வடிகட்டிப் பிடித்தோம். அன்று சோடா இல்லாமலே பருப்பு மலர வெந்தது. அம்மா கரண்டியால் மசித்துப் பார்த்து, "எங்க ஊட்டுத் தண்ணி மாதிரி இருக்குது" என்றார். அவருடைய பிறந்த ஊர் செங்கத்துக்கு அப்பால். அங்கே திறந்த கிணறு.

டிரம் தை மாதம் வரை வந்தால் அதிகம். அதன்பின் ஆழ்துளை நீரைக் கொதிக்க வைத்து, அடியில் படிவதை விட்டு மேலாக இறுத்து, மண்பானையில் ஊற்றி வைக்கிறேன். கொதித்தால் ஒரு பங்கு சுண்ணாம்பு பிரிந்துவிடும், முழுவதும் போகாது. அம்மாவுக்கு அது போதும் என்கிறார். சுவரில் தொங்கும் நாட்காட்டியில் ஒவ்வொரு செம்புக்கும் ஒரு கோடு கிழிக்கிறார். நேற்று மாலை கல்லூரியிலிருந்து வந்ததும் எண்ணினேன், ஆறு இருந்தன. ஏழாவதை நான் மொண்டு கொடுத்தேன்.