முப்பத்து மூன்று நீளம்

திருகோணமலைக்குப் போகிறவர்கள் பிரெட்ரிக் கோட்டையைப் பார்ப்பார்கள். நிலாவெளிக் கடற்கரையில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளிலும் வாளி இறக்கிக் குளிப்பார்கள். அன்புவழிபுரத்தைத் தேடி யாரும் போவதில்லை. நகரை ஒட்டிய சாதாரணக் குடியிருப்பு அது. பெயர் மட்டும் எவ்வளவு அழகு!

அங்கேதான் என் பெரியம்மா மகள் ராத்தா வாடகை வீட்டில் இருக்கிறார். பிறந்தது கிண்ணியா, மச்சானின் வேலைக்காக இங்கே வந்தவர். போன ஆகஸ்டில் நான்கு நாள் அவர் வீட்டில் தங்கினேன். நாற்பத்திரண்டு வயதில், மூன்று பிள்ளைகளுக்குத் தாயான பிறகு, ராத்தா நீச்சல் பழகிக்கொண்டிருந்தார். எட்டு மாதமாக, வாரம் மூன்று நாள், ஃபஜ்ர் தொழுத கையோடு உப்புவெளிப் பக்கம் போய்விடுவார். அங்கே ஒரு சிறிய விடுதியின் குளத்தை விடியற்காலையில் ஒரு மணி நேரம் பெண்களுக்கு மட்டும் விடுகிறார்கள். சுற்றிலும் மதில், ஆண்கள் யாரும் உள்ளே வருவதில்லை. ஒரு காலத்தில் பாடசாலை நீச்சல் அணியில் இருந்த ஓர் ஆசிரியை சொல்லிக்கொடுக்கிறார்.

"இந்த வயதில் இது என்ன ஆசை?" என்று உறவினர்கள் கேட்டார்களாம். கேட்டவர்கள் கிண்ணியாவில் பிறந்தவர்கள் என்பதுதான் எனக்கு வியப்பு. மூன்று பக்கமும் தண்ணீர் சூழ்ந்த ஊர் அது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் வந்த கடல் கிண்ணியா ஆஸ்பத்திரியையே அழித்துவிட்டது. அந்தப் பேரலையைப் பற்றி ஆக்ஸ்ஃபாம் நிறுவனம் 2005இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. ஆராய்ந்த பல ஊர்களில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம் இறந்திருந்தார்கள் என்றும், இலங்கையில் நீச்சலும் மரமேறுதலும் பெரும்பாலும் ஆண்பிள்ளைகளுக்கே பழக்கப்பட்டிருந்தன என்றும் அதில் எழுதியிருந்தார்கள். 2021 நவம்பர் 23 அன்று கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் படகுப் பாதை கவிழ்ந்து, காலையில் பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகள் நீரில் மூழ்கி மவுத்தானதை யாரும் மறந்திருக்க முடியாது. பிள்ளைகளுக்கு நீச்சலும் அம்பெய்தலும் குதிரையேற்றமும் கற்றுக்கொடுக்குமாறு உமர் (ரலி) அவர்கள் சொன்னதாக வரும் செய்தியை மேடைகளில் எத்தனை தடவை கேட்டிருக்கிறோம்! அதில் பெண்பிள்ளைகளை நாமாகவே விட்டுவிட்டோம்.

மூன்றாம் நாள் ராத்தாவோடு நானும் போனேன். குளம் மிகச் சிறியது. ஒரு நீளம் 12 மீற்றர்தான். ஆனால் முதல் மாதம் அந்த 12 மீற்றரை ஒரு தடவை கடந்தாலே ராத்தாவுக்கு நெஞ்சு வெடிக்கும்போல் ஆகிவிடுமாம்.

"கையும் வலிக்கல்ல, காலும் வலிக்கல்ல புள்ள. மூச்சுத்தான் முட்டிச்சி. உடம்புல பலம் இல்லையாக்கும் எண்டு நெனச்சன். டீச்சர் பாத்துட்டு, 'நீங்க மூச்ச விடுறதே இல்ல'ண்டு சொன்னா."

வயது வந்தபின் நீச்சல் பழகுகிற பலருக்கும் இதே கதைதான். தண்ணீருக்குள் முகம் போனதும் பயத்தில் மூச்சை அடக்கிக்கொள்கிறோம். அடக்கிய மூச்சில் கரியமில வாயு கூடக் கூட, மூச்சுத் திணறுகிறது. முகம் நீருக்குள் இருக்கும்போதே குமிழி குமிழியாக மெதுவாக ஊதிவிட வேண்டும். தலையைப் பக்கவாட்டில் திருப்பும் கணத்தில் உள்ளே இழுப்பது மட்டுமே வேலையாக இருக்க வேண்டும். ராத்தா இதை வீட்டில் வாளித் தண்ணீரில் முகத்தை வைத்தே பழகியிருக்கிறார். அடுத்தது கால். புதிதாகப் பழகுகிறவர்கள் தலையைத் தூக்குவார்கள். தலை உயர்ந்தால் கால் தாழும். தாழ்ந்த காலைத் தூக்கப் படபடவென்று அடிப்பார்கள். தொடைத் தசைகள் பெரியவை. உள்ள பிராணவாயுவையெல்லாம் அவையே தின்றுவிடும். தலையைத் தாழ்த்தி, காலை மெதுவாக அசைத்தாலே பாதிக் களைப்பு போய்விடும்.

அதன் பிறகுதான் தூரம். ஒரு நீளம் போவது, சுவரைப் பிடித்து மூச்சு சீராகும்வரை நிற்பது, மறுபடி போவது என்று பத்துத் தடவை. அது இலகுவானதும் இரண்டு நீளம் சேர்த்து, நடுவில் அரை நிமிட ஓய்வு. பிறகு ஓய்வைக் குறைப்பது. வேகத்தைக் கூட்டவே விடவில்லையாம் ஆசிரியை. ரமழானில் நோன்போடு ராத்தா நீரில் இறங்கவில்லை. பெருநாளுக்குப் பின் போனபோது ஆறாவது நீளத்திலேயே மூச்சு வாங்கியது. இரண்டு மூன்று வாரத்தில் பழைய நிலை வந்துவிட்டது.

உடைபற்றிக் கேட்பீர்கள். பருத்திச் சல்வாரோடு இறங்கினால் அது நீரை உறிஞ்சிக் காலைக் கீழே இழுக்கும். நைலான் கலந்த முழுநீள நீச்சலுடை இப்போது கிடைக்கிறது. அஹெதா ஸனெட்டி என்ற லெபனான் வம்சாவளிப் பெண்மணி ஆஸ்திரேலியாவில் 2004இல் அமைத்த 'புர்கினி'க்குப் பிறகு இது உலகெங்கும் பரவிவிட்டது. ராத்தா அணிவது அதைப் பார்த்து இங்கே தைத்தது.

அன்று மாலை சீனக்குடா வழியாகக் கிண்ணியாவுக்கு பஸ் ஏறினோம். 2009 அக்டோபரில் திறந்த கிண்ணியாப் பாலத்தின் நீளம் 396 மீற்றர். அதற்கு முன்னர் அந்த நீரைப் படகுப் பாதையில்தான் கடந்தார்கள். பாலத்தில் நடந்துகொண்டே ராத்தா கணக்குச் சொன்னார்: "பன்ரண்டால பிரிச்சிப் பாரு." பிரித்தேன். முப்பத்து மூன்று! தஸ்பீஹ் எண்ணுகிற அதே விரல் மடிப்புகளில் நீளங்களை எண்ணுகிறார் ராத்தா. நிற்காமல் முப்பத்து மூன்று போய்விட்டால் இந்தப் பாலத்தின் நீளத்தை நீந்திய கணக்கு. அப்போது அவர் இருபதில் இருந்தார்.

நம் நாட்டில் இது புதுமையும் இல்லை. கடற்பேரழிவுக்குப் பின் கிறிஸ்டினா ஃபோன்ஃபே என்ற ஆங்கிலேயப் பயிற்சியாளர் தெற்கே வெலிகமப் பக்கத்தில் பெண்களுக்கு இலவசமாக நீச்சல் கற்பிக்கத் தொடங்கினார். கரையில் பிறந்தும் தண்ணீரில் இறங்காத பெண்கள் நிறையப் பேர் அவரிடம் பழகினார்கள். அவர்களில் சிலர் பின்னர் தாங்களே கற்பிக்கவும் செய்தார்கள். கிழக்கில் அப்படியொரு முயற்சி ஊருக்கு ஊர் வரவேண்டும் என்பது என் எண்ணம். விடுதிக் குளத்துக்குக் காசு கொடுக்க எல்லாராலும் முடியாது.

குளத்தில் இருபது நீளம் போகிறவர் கடலில் அவ்வளவு போகலாம் என்று எண்ணிவிடக் கூடாது. உப்பு நீரில் உடல் நன்றாக மிதக்கும், உண்மைதான். ஆனால் அங்கே பிடித்து நிற்கச் சுவர் கிடையாது. உள்ளிழுக்கும் நீரோட்டத்தில் அகப்பட்டால் கரையை நோக்கிப் போராடாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேற வேண்டும். உப்புவெளிக் கடல் ஆகஸ்டில் அமைதியாக இருக்கும். வடகீழ்ப் பருவக்காற்று தொடங்கினால் நவம்பர் முதல் கொந்தளிப்புத்தான். மிதக்கவும் மூச்சைச் சீராக்கவும் தெரிந்தால் உதவி வரும்வரை தாக்குப்பிடிக்கலாம். ராத்தா வேண்டுவது அதுதான்.

பதினொரு வயது மகளையும் இப்போது கூட்டிப் போகிறார். அவள் மீன்குஞ்சுபோலப் பாய்கிறாள். நான்காவது நீளத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு இளைக்கிறாள். உம்மா அவளைத் தாண்டி மெதுவாகப் போய்க்கொண்டிருக்கிறார்.