மாங்கா அடிக்கும் கை

சம்பா அறுவடை முடிந்து, உளுந்து தெளிக்காமல் விட்ட வயல் ஒன்று கிடைத்தால் போதும். குமராட்சிப் பக்கத்துப் பையன்கள் நடுவில் தாளைச் செதுக்கி பிட்ச் போட்டுவிடுவார்கள். டென்னிஸ் பந்துதான். வேகத்துக்கு ஆசைப்படுகிறவன் முழங்கையை மடக்கி எறிவான். உடனே "மாங்கா! மாங்கா!" என்று கூச்சல். அம்பயராக நிற்பவனும் பேட்டிங் அணி ஆள். நோபாலுக்குக் கேட்கவா வேண்டும்!

என் அக்கா மகன் அந்த ரகம். பேஸ்பால் நாட்டில் பிறந்திருக்க வேண்டியவன் என்று கேலி செய்வேன். கிரிக்கெட்டில் கை தோள் மட்டத்துக்கு வந்ததிலிருந்து பந்து விடுபடும்வரை முழங்கை 15 டிகிரிக்கு மேல் நிமிரக் கூடாது. பேஸ்பாலிலோ எறிவதே பிட்சரின் தொழில். ஆனால் இரண்டிலும் வேகம் கையில் பிறப்பதில்லை. முன்கால் ஊன்ற வேண்டும், இடுப்பு திரும்ப வேண்டும், பிறகு மார்பு, தோள். கை கடைசியில்தான் வருகிறது. கையை மட்டும் நம்புகிறவனுக்குத் தோளும் முழங்கையும் சீக்கிரம் போய்விடும்.

2008இல் உத்தரப்பிரதேசத்து ஈட்டி எறியும் பையன்கள் இருவர், ரிங்கு சிங்கும் தினேஷ் படேலும், ஒரு டிவி போட்டியில் தேர்வாகி அமெரிக்கா போனார்கள். பேஸ்பாலைத் தொட்டறியாதவர்கள். பிட்சிங் பயிற்சியாளர் டாம் ஹவுஸ் சொல்லிக்கொடுத்தார். அந்த நவம்பரிலேயே பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி ஒப்பந்தம் போட்டது. ஹவுஸின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் பயிற்சி ஒன்று உண்டு. பந்துக்குப் பதில் கையில் துண்டு. எதிரே ஒருவர் கையை நீட்டி நிற்க, முழு அசைவோடு வந்து துண்டின் நுனியால் அதைத் தட்ட வேண்டும். உடம்பு பக்கவாட்டில் சாய்ந்தால் துண்டு எட்டாது. பந்தின் எடை இல்லாத அசைவே வேறு என்று இதை ஏற்காத பயிற்சியாளர்களும் இருக்கிறார்கள். இருக்கட்டும், துண்டுக்கு நம் ஊரில் செலவில்லை.

"பந்து இல்லாம என்ன மாமா பிராக்டிஸ்?" என்றான் மருமகன். சேலத்துச் சின்னப்பம்பட்டிப் பந்துவீச்சாளர் நடராஜனைச் சொன்னேன். அவரும் டென்னிஸ் பந்தில் வளர்ந்தவர். 2015இல் ரஞ்சிக்கு வந்ததுமே பந்துவீச்சு முறைமீது புகார். பழகிய கையை அவிழ்த்து மறுபடி கட்டினார். 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் டெஸ்ட் ஆடினார். பயல் துண்டை எடுத்துக்கொண்டான்.

எனக்கு இப்போது கவலை வேறு. அமெரிக்காவில் 11, 12 வயதுப் பிட்சருக்கு ஒரு நாளில் 85 எறிக்குமேல் வேண்டாம் என்று வழிகாட்டுதல் இருக்கிறது. நம் ஞாயிற்றுக்கிழமை டோர்னமெண்டில் பைனல்வரை போகிற அணிக்கு ஒரே நாளில் மூன்று மேட்ச்கூட வரும். ஸ்கோர் நோட்டில் ஓட்டத்தை எழுதுகிறார்கள், விக்கெட்டை எழுதுகிறார்கள். ஒரு பையன் காலையிலிருந்து எத்தனை பந்து போட்டான் என்பதற்கும் ஒரு கட்டம் போடச் சொல்லியிருக்கிறேன்.