யாம் ஆடிய கோல்ப்

நம் கல்லூரி மலருக்கு விளையாட்டைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டுமென்று பத்திரிகைக் குழுவைச் சார்ந்த இளைஞர் எம்மை வினவியபோது, கிரிக்கெட்டைப் பற்றியோ ஹாக்கியைப் பற்றியோ எழுதுவோமென்றே அவர் எண்ணியிருத்தல் கூடும். கோல்ப் என்று யாம் கூறியதும் அவர் முகத்தில் தோன்றிய குறுநகையை யாம் கவனியாமலில்லை. செல்வர்கள் தொந்தி கரைய நடக்கும் நடைக்கு ஒரு பந்தைத் துணை கொண்டனர் என்பதே அவ்வாட்டத்தைக் குறித்து மாணவப் பருவத்தில் யாமும் கொண்டிருந்த கருத்து. அக்கருத்து முற்றும் பிழையென்று இன்றும் வாதிடமாட்டோம். ஆயினும் நாற்பத்தேழாம் வயதில் அவ்வாட்டத்தைக் கற்கப் புகுந்து, இருபது யாண்டுகளாகியும் தேர்ச்சி பெறாது, அதனைக் கைவிடவும் மனமின்றி நிற்கும் ஒருவனுடைய அநுபவம், இனிக் கற்கப் புகுவார் சிலர்க்கேனும் பயன்படுமென்று கருதி இதனை வரையத் துணிந்தோம்.

இவ்வாட்டம் நம் நாட்டிற்குப் புதியதன்று. கல்கத்தாவில் 1829-ஆம் ஆண்டிலேயே இதற்கெனக் கழகம் கண்டனர். பிரிட்டிஷ் தீவுகளுக்குப் புறம்பே அதனினும் பழமையானது பிறிதொன்றில்லை. சென்னையில் 1884-இல் தோன்றிய ஜிம்கானா கிளப்பார் கிண்டிக் குதிரைப் பந்தய வெளியின் நடுவே ஆடி வந்தனர். 2024-ஆம் ஆண்டு செப்டம்பரில் அரசினர் அப்பந்தய நிலத்தை மீட்டது முதல் அதன் செய்தி வழக்குமன்றம் வரை சென்றது. 1873-இல் தோன்றிய காஸ்மாபாலிடன் கிளப்பார் நந்தனத்தில் அடையாற்றை அடுத்து அமைத்த வெளி இப்பொழுது காஸ்மோ என்றே வழங்கும். மயிலாப்பூரில் வாழும் எமக்கு அதுவே அண்மையது. நண்பர் ஒருவர் விருந்தினனாக எம்மை அங்கு அழைத்துச் சென்ற காலைப்பொழுதில்தான் எம் தொல்லையும் இன்பமும் ஒருங்கே தொடங்கின.

முதல் நாள் யாம் செய்த பிழையையே எல்லோரும் செய்வர். பந்து அசையாமல் கிடக்கின்றது; எவரும் அதனை நம்மை நோக்கி வீசவில்லை; நம்மைப் பிடிப்பாரும் தடுப்பாரும் இல்லை. இதனை அடித்தல் அரிதோ என்று முழு வலியையும் கூட்டி மட்டையை ஓச்சினோம். மட்டை புல்லைச் சீவிற்று. பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. எம் மட்டைப் பையைச் சுமந்துவந்த சைதாப்பேட்டைக்காரர், "சார், பந்து எங்கேயும் ஓடிப்போகாதுங்க. தலையைத் தூக்காம அடிங்க" என்றார். பின்னர் யாம் வாங்கிப் படித்த நூல்கள் பலவும் இவ்விரு தொடர்களுக்கு உரையெழுதியனவாகவே எமக்குத் தோன்றுகின்றன. பந்து சென்ற திசையைக் காணும் ஆவலால் தலை எழும். தலை எழவே தோள் எழும். தோள் எழவே மட்டை பந்தின் உச்சியைத் தடவிச் செல்லும். மற்றொன்று: பந்தை மேலே தூக்கிவிட வேண்டுமென்று புதியவர் கீழிருந்து வாரியடிப்பர். அது வேண்டுவதில்லை. இரும்பு மட்டையின் முகம் சாய்வாகவே செய்யப்பட்டுள்ளது; அதனைக் கீழ்நோக்கி இறக்கி அடித்தால் பந்தை எழுப்பும் வேலையை அச்சாய்வே செய்துவிடும்.

வேகத்தைப் பற்றியும் ஒரு சொல். மார்கழியில் சபைகளுக்குச் செல்லும் பழக்கமுடையார்க்கு இது விளங்கும். எடுத்த எடுப்பிலேயே மூன்றாங்காலத்திற் பாடப் புகும் இளைஞர் பாதியில் மூச்சுத் திணறுவதை யாம் கண்டிருக்கின்றோம். மட்டையைப் பின்னே கொண்டுசெல்வதைச் சௌக்க காலத்தில் வைத்துக்கொண்டால், முன்னே வரும்போது வேகம் தானே கூடும். கைப்பிடியும் அத்தகையதே, வீணைத் தண்டியை நெரிப்பார் உண்டோ?

சிறுவராக மாடவீதிகளில் திரிந்த காலத்தில் கிட்டிப்புள்ளும் கோலியும் ஆடியவர்கள் இவ்விளையாட்டின் இரு பாதிகளையும் முன்னரே அறிந்தவர்களாவர். முதற்பாதி கிட்டிப்புள்; பின்பாதி கோலி. புதியவர் அனைவரும் கிட்டிப்புள்ளிலேயே மயங்கிக் கிடக்கின்றனர். ஈண்டு ஒரு கணக்கைக் கூற விரும்புகின்றோம். பதினெட்டுக் குழிகளுக்கும் சேர்த்துத் தேர்ந்த ஆட்டக்காரருக்குப் பெரும்பாலும் 72 அடிகள் வகுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் குழிக்கொன்றுக்கு இரண்டு வீதம் 36 அடிகள், பசும்புல் தளத்தை அடைந்த பின் பந்தை உருட்டுதற்கு உரியன. சரிபாதி! அங்ஙனமிருப்ப, பயிலச் செல்வோருள் பதின்மரில் ஒன்பதின்மர் மிகப் பெரிய மட்டையை ஏந்தி நெடுந்தொலைவு அடித்துக்கொண்டிருப்பதையே காண்கின்றோம். யாமும் பல்லாண்டு அங்ஙனமே செய்தோம்.

குழியின் வாய் நாலேகால் அங்குலம். எம் இல்லத்துக் கூடத்தில் எவர்சில்வர் டம்ளர் ஒன்றைச் சாய்த்து வைத்து, எட்டடி தொலைவிலிருந்து அதனுள் பந்தை உருட்டிப் பயிலத் தொடங்கினோம். டம்ளரின் வாய் குழியினும் சிறிதாதலின், மறுநாள் மைதானத்தில் குழி கிணறு போல் தோன்றும். இது காப்பிக்கா பந்துக்கா என்று இல்லக்கிழத்தியார் வினவியதும், டம்ளரில் விழுந்த நெளிவுகளும் வேறு கதை. ஒரு மாதத்தில் எம் கணக்கில் ஆறடி குறைந்தது என்பது மட்டும் உண்மை. மட்டைகளுக்குப் பெரும்பொருள் செலவிடுவார் இதனைக் கருதுவாராக. விதி பதினான்கு மட்டைகள் வரை அனுமதிக்கின்றதேயன்றி, பதினான்கும் வேண்டுமென்று வற்புறுத்தவில்லை. பழைய ஏழாம் எண் இரும்பு மட்டை ஒன்றும் உருட்டுமட்டை ஒன்றும் முதலாண்டிற்குப் போதும்.

நம் ஊரின் தன்மையையும் அறிந்து ஆடல் வேண்டும். வெப்பநாடுகளின் மைதானங்களில் மிகுதியும் வளர்வது பிள்ளையாருக்குச் சார்த்தும் அறுகின் இனமே. அது ஒருபக்கமாகச் சாய்ந்து வளரும் இயல்பினது. பந்தின் பின்னின்று நோக்குங்கால் புல் பளபளத்தால் அது நம்மை விட்டு அப்பால் சாய்ந்துள்ளதென்று கொள்க, பந்து விரைந்தோடும். கறுத்துத் தோன்றினால் எதிர்த்துச் சாய்ந்துள்ளது. சற்று அழுத்தியே உருட்டுக. மார்கழி விடியலில் பனியீரம் பந்தைப் பிடித்து நிறுத்தும். ஐப்பசி கார்த்திகையில் நிலம் ஊறிக்கிடத்தலின் விழுந்த பந்து விழுந்தவிடத்தே புதையும். அக்காலத்தில் பந்து உருண்டு செல்லுமென்று நம்பி அடித்தல் வீண். கோடையில் நண்பகலை ஒட்டிக் கடற்காற்று எழுந்துவிட்டால் கிழக்கு நோக்கிய குழிகளெல்லாம் நீண்டுவிட்டனவோ என்று தோன்றும். அதற்கு முன்னரே ஆடி முடித்து நீர்மோர் அருந்துதல் நலம்.

நிற்க. பதினெட்டுக் குழிகள் ஆட ஏறத்தாழ நான்கு மணி நேரமாகும். யாம் அடிக்கும் தொண்ணூற்றுச் சொச்சம் அடிகளுக்கு ஒவ்வொன்றிற்கும் இரண்டு விநாடி வைத்தாலும் மொத்தம் மூன்று நிமிஷமே. எஞ்சிய நேரமெல்லாம் நடை. அம்மூன்று நிமிஷத்தில் நேர்ந்த பிழைகளை எஞ்சிய நேரம் முழுவதும் சுமந்து நடப்பவருக்கு இவ்வாட்டம் நரகம். யாம் அங்ஙனம் நடந்த நாட்கள் பல. ஆற்றுப் பக்கத்து மரங்களில் மீன்கொத்தி அமர்ந்திருப்பதையும், ஆள்காட்டிக் குருவி எம்மைக் கண்டு கத்திக்கொண்டே ஓடுவதையும் எத்தனையோ ஆண்டுகள் கழித்தே கண்டோம்.

இனி, சொல்லக் கூசும் செய்தியொன்றைச் சொல்லல் வேண்டும். இவ்வாட்டத்தில் நடுவர் நம்முடன் வருவதில்லை. நம் அடிகளை நாமே எண்ணுகின்றோம். பையைச் சுமந்து வருவாரைக் கேடி என்பர். காவலர் ஏட்டில் ஏறிய பழங்குற்றவாளிக்கும் நம் ஊரில் அதுவே பெயராதலின், முதலில் எமக்கு அச்சொல் நகைப்பை விளைத்தது. ஆனால் தில்லியில் பை சுமந்து வளர்ந்த அலி ஷேர் 1991-இல் இந்தியத் திறந்த போட்டியை வென்று, தொழில்முறை ஆட்டக்காரருள் அப்பெருமை பெற்ற முதல் இந்தியரானார். பெங்களூரில் பை சுமந்த முனியப்பா 2009-இல் அதே போட்டியை வென்றார். பை சுமப்பாருடைய கண் அத்தகைய கண்.

சில ஆண்டுகளுக்கு முன்னர்ச் சிறு பந்தயம் ஒன்றில் யாம் என்றுமில்லாதவாறு நன்கு ஆடினோம். பதினாறாம் குழியில் எம் பந்து மைதானத்தின் ஓரத்தே அடர்ந்த புல்லில் கிடந்தது. அடிக்குமுன் மட்டையைப் பின்னே ஊன்றினோம். புல் நெகிழ்ந்து, பந்து ஒரு விரற்கடை உருண்டு நின்றது. விதி தெளிவானது. பந்தைப் பழைய இடத்தில் வைத்து, ஓர் அடியைத் தண்டமாகக் கூட்டிக்கொள்ளல் வேண்டும். உடன் ஆடியவர்கள் தொலைவில் இருந்தனர். யாம் நிமிர்ந்து பார்த்தோம். சைதாப்பேட்டைக்காரர் ஆற்றுப் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். யாம் அடித்தோம். அன்று ஓரடி வேறுபாட்டில் வென்று, ஒரு சாண் உயர வெள்ளிக் கோப்பையுடன் இல்லம் திரும்பினோம்.

இதில் பெரும் வெட்கம் யாதெனில், பாபி ஜோன்ஸ் கதையை அறிந்தவர் யாம். அறிந்ததேயன்றிப் பலருக்கும் எடுத்துரைத்தவர். அமெரிக்கராகிய அவர் பொருளுக்காக ஆடாதவர். 1930-ஆம் ஆண்டில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் நடந்த நான்கு பெரும் போட்டிகளையும் வென்று, இருபத்தெட்டாம் வயதிலேயே போட்டி ஆட்டத்தினின்று ஓய்ந்தவர். 1925-இல் வூஸ்டர் நகரில் நடந்த அமெரிக்கத் திறந்த போட்டியில், மட்டையை அணுக்கியபோது புல்லிடைப் பந்து அசைந்ததென்று தாமே அறிவித்து ஓரடியைக் கூட்டிக்கொண்டார். அவரன்றி அதனைக் கண்டார் இலர். இறுதியில் வில்லி மக்பார்லேன் என்பாருடன் சமமாகி, மீண்டும் ஆடியபோது ஓரடியால் தோற்றார். பந்தும் புல்லும் அசைவும் எம் நிலையை அப்படியே ஒத்திருந்தன. கதையைச் சொல்லுதல் எளிதாயிருந்தது.

அடுத்த வாரம் யாம் சென்றபோது வேறொருவர் எம் பையைத் தூக்க வந்தார். சைதாப்பேட்டைக்காரர் வேறொருவருக்குப் பேசிவிட்டாராம். அதற்கடுத்த வாரமும் அவ்வாறே. அவர் எம்மை ஒரு சொல்லும் சொல்லவில்லை. எதிர்ப்பட்டபோது வணக்கமும் சொன்னார். கூடத்து அலமாரியில் நின்ற கோப்பையைப் பெயர்த்தி துடைத்துத் துடைத்து வைப்பாள், "தாத்தா எப்படி ஜெயிச்சீங்க?" என்று வருவாரெல்லாம் இருக்கும்போது கேட்பாள். எம் ஆட்டமும் கெட்டது. மூன்றடி தொலைவிலிருந்து உருட்டவும் கை நடுங்கிற்று. ஆட்டத்தைத் திருத்துவதற்கு யாம் அறிந்த உபாயங்கள் எல்லாவற்றையும் செய்து பார்த்தோம்; பிடியை மாற்றினோம்; மட்டையையும் மாற்றினோம்.

ஏழு வாரங்கள் கழித்துக் கோப்பையைப் பழைய செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு பந்தயத்தை நடத்திய செயலாளரிடம் சென்றோம். அறிந்தே கணக்கைக் குறைத்தவனுக்குப் போட்டி முடிந்த பின்னரும் விதி விடுதலை தருவதில்லை. எம் பெயர் நீக்கப்பட்டது. இரண்டாமவருக்குக் கோப்பை சென்றது. செயலாளர் எம்மை ஏசியிருந்தால் எளிதாயிருந்திருக்கும். அவர் தேநீர் வரவழைத்தார். நண்பர் சிலர் அதன்பின் எம்முடன் ஆட இசையவில்லை. அவர்களைக் குறை கூறுதற்கில்லை. பெயர்த்திக்கு நடந்ததைச் சொல்ல வேண்டியிருந்தது. அதுவே எல்லாவற்றினும் கடினம்.

எம் ஆட்டம் அன்றே திருந்திவிட்டதென்று கூறினால் அதுவும் ஒரு பொய்யாகும். இவ்வாட்டத்தில் கடைசி இருபது ஆட்டங்களுள் சிறந்த எட்டின் சராசரியைக் கொண்டு ஒருவருக்கு ஈடு கணிப்பர். அவ்வீட்டினாலேயே வல்லாரும் மெல்லாரும் சமமாக ஆட முடிகின்றது. அதுகாறும் எம் ஈடு பதினெட்டு. குறுகிய அடிகளை ஒன்றுவிடாது எண்ணி எழுதத் தொடங்கிய ஓராண்டிற்குள் அது இருபத்துமூன்றாயிற்று. ஐந்து அடிகள் எவ்விடத்தில் ஒளிந்திருந்தன என்பது எமக்குத் தெரியும்.

கோப்பையைத் திருப்பிய பின் வந்த ஞாயிறன்று வழக்கத்திற்கு மாறாகப் பிற்பகலில் சென்றோம். பையை யாமே தோளில் மாட்டிக்கொண்டு முதற்குழி நோக்கி நடந்தபோது, பின்னாலிருந்து ஒரு கை அதனை இழுத்தது. சைதாப்பேட்டைக்காரர் பையை வாங்கித் தம் தோளில் இட்டுக்கொண்டு, புல்லைக் கிள்ளி மேலே வீசிப் பார்த்தார்.

"கடல் காத்து சார். ஒரு மட்டை பெரிசா எடுங்க" என்றார்.