லேயிலிருந்து, கரும்புகையோடு

லே, லடாக்

அன்புள்ள செல்வம்,

மணாலியிலிருந்து லே வந்து சேர்ந்துவிட்டேன். நீ மலைகளைப் பற்றிக் கேட்டிருந்தாய். நான் கார்புரேட்டரைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். அடுத்த கோடையில் உன் பழைய புல்லட்டை இந்தப் பக்கம் ஓட்டி வருவதாகச் சொன்னாயே, அதற்காக.

வழியில் சர்ச்சு தாண்டி காட்டா லூப்ஸ் வரும். 21 கொண்டை ஊசி வளைவுகள். அங்கேதான் என் வண்டி முக்கத் தொடங்கியது. ஆக்சிலேட்டரை முறுக்க முறுக்க வேகம் ஏறவில்லை, கரும்புகைதான் ஏறியது. பிடியைச் சற்றுத் தளர்த்தினால் தேறிக்கொண்டது. பெட்ரோல் போதாத வண்டி இப்படிக் கரும்புகை விடாது. மிஞ்சிப்போன வண்டிதான் விடும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினேன். வெளிர்பழுப்பாக இருக்க வேண்டிய முனையில் அடுப்புச்சட்டியின் அடிபோல உலர்ந்த கரி.

ஒரு காரணம் உயரம். 5,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய 60 சதவீதம்தான். பிஸ்டன் அதே கொள்ளளவைத்தான் இழுக்கிறது, ஆனால் அதில் காற்றின் எடை 40 சதவீதம் குறைவு. பெட்ரோலும் அதே அளவு குறைந்தால் வம்பில்லை. கார்புரேட்டரின் ஜெட் துளை வழியே வரும் பெட்ரோலோ கால் பங்குகூடக் குறைவதில்லை. ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று கிடைத்த இடத்தில் இப்போது 11 சொச்சம்தான். மூச்சு முட்டாமல் என்ன செய்யும்? இதற்காக வண்டியைக் குறைசொல்லாதே.

ஆனால் எல்லாப் பழியையும் உயரத்தின்மேல் போட்டுவிடாதே. சோக் முழுதாகத் திரும்புகிறதா, ஃப்ளோட் ஊசி தேய்ந்து பெட்ரோல் வழிகிறதா, ஏர் ஃபில்டரில் புழுதி அடைத்திருக்கிறதா என்று முதலில் பார். என் ஃபில்டரைத் தட்டியதும் ஒரு கைப்பிடி மண் கொட்டியது. பாதித் திணறல் அதோடு போயிற்று.

மீதிக்கு, எந்தத் திறப்பில் திணறுகிறது என்று கவனி. ஐட்லிங்கில் என்றால் ஏர் ஸ்குரூவைக் கொஞ்சம் வெளியே திருப்பு. நடுத்திறப்பில் என்றால் நீடில் கிளிப்பை ஒரு வெட்டு மேலே மாட்டு. நீடில் இறங்கி பெட்ரோல் குறையும். முழுத்திறப்பிலும் என்றால் சிறிய மெயின் ஜெட் வேண்டும், அதை ஊரிலேயே வாங்கி வைத்துக்கொள். எனக்குக் கிளிப்பும் ஸ்குரூவுமே போதுமாயிருந்தன. அந்தக் குளிர்காற்றில் பெட்ரோல் பட்ட விரல்கள் மரத்துப்போகும். கிளிப் கீழே விழுந்தால் சரளையில் தேட முடியாது. துண்டு விரித்துக்கொண்டு செய்.

வழியில் யாராவது ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஓட்டச் சொல்வார்கள். புகை குறையும், உண்மைதான். ஆனால் அந்தப் புழுதி சிலிண்டருக்குள் போனால் ரிங்குகளை அரைத்துத் தின்றுவிடும். கேட்காதே.

இத்தனை செய்தாலும் போன பவர் திரும்பாது. இல்லாத காற்றுக்கு ஜெட் என்ன செய்யும்? டங்லங் லா கணவாயை (5,328 மீட்டர்) முதல் இரண்டு கியரிலேயே ஏறினேன்.

நாளைக்குக் கார்கில் வழியாக ஸ்ரீநகர். ஜோஜி லா இறங்கி சோனமார்க் போனதும் கிளிப்பைப் பழைய வெட்டுக்கே மாற்ற வேண்டும். கீழே அடர்ந்த காற்றில் இந்தக் குறைந்த பெட்ரோலோடு விரட்டினால் இன்ஜின் சூடேறி பிஸ்டன் பிடித்துக்கொள்ளவும் கூடும். உன் வண்டியில் கிளிப் எந்த வெட்டில் இருக்கிறது என்று இப்போதே பார்த்து எழுதிவை.

அன்புடன்,
முருகேசன்