சோற்றுக் கிண்ணம் பொக்கிஷமான கதை

ஜப்பான் அரசு தேசியப் பொக்கிஷமாக அறிவித்திருக்கும் தேநீர்க் கிண்ணங்கள் மொத்தமே எட்டுதான். ஐந்து சீனாவில் செய்யப்பட்டவை. இரண்டு ஜப்பானியர்களின் கைவேலை. மீதி ஒன்று கொரியாவிலிருந்து வந்தது. அதற்குப் பெயர் ‘கிஸாஎமோன் இடோ’.

அதன் படத்தைப் பார்த்ததும் பலருக்கும் ஒன்று கேட்கத் தோன்றும்: ‘இதுவா பொக்கிஷம்?’ கிண்ணம் சரியான வட்டமாகக்கூட இல்லை. மஞ்சளும் பழுப்பும் கலந்த மங்கிய நிறம். மேலெல்லாம் மயிரிழை விரிசல்கள். அடிவளையத்தைச் சுற்றி மெருகுப் பூச்சு சீராகப் பரவாமல், கொப்புளம் கொப்புளமாகத் திரண்டு நிற்கிறது. சக்கரத்தில் சுற்றும்போது குயவரின் விரல் பதிந்த வரிகள் அப்படியே தெரிகின்றன.

இதே கேள்வி, கைவினைப் பொருட்களையே வாழ்நாள் முழுவதும் தேடி அலைந்த யனாகி சோயெட்சுவுக்கும் வந்தது. 1931-ல் தன் நண்பரான குயவர் காவாய் கான்ஜிரோவோடு, க்யோட்டோவின் டைடோகுஜி ஆலய வளாகத்தில் உள்ள கோஹோ-அன் என்ற சிறு மடத்துக்கு அவர் போனார். நெடுநாள் ஆசை அது. பெட்டிக்குள் பெட்டியாகப் பிரித்து, பட்டுத் துணியை விலக்கி, கிண்ணத்தை எடுத்து வைத்தார்கள். பார்த்த யனாகிக்கு முதலில் சப்பென்று ஆகிவிட்டது. நல்ல கிண்ணம்தான், ஆனால் இவ்வளவு சாதாரணமாகவா இருக்கும் என்று தோன்றியதைப் பின்னால் அவரே எழுதினார்.

அந்த ஏமாற்றத்தை அவர் மூடி மறைக்கவில்லை. அதையே பிடித்துக்கொண்டு யோசித்தார். சுமார் நானூறு ஆண்டுகளுக்கு முன்னால், கொரியாவில் ஏதோ ஓர் ஏழைக் குயவர் இதைச் செய்திருப்பார். மண் பக்கத்திலேயே தோண்டியது. அழகாக வர வேண்டும் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. அவரும் அப்படி நினைத்திருக்க மாட்டார். சோறு போட்டுச் சாப்பிட யாருக்கோ ஒரு கிண்ணம் தேவைப்பட்டது, அதனால் செய்தார். ஒன்றல்ல, நூற்றுக்கணக்கில் செய்திருப்பார். மனதில் அலட்டல் இல்லாததால் கையிலும் அலட்டல் இல்லை. அந்த நிதானம்தான் இந்த அழகு என்ற முடிவுக்கு யனாகி வந்தார்.

எல்லோரும் இதை ஏற்கவில்லை. இது சோற்றுக் கிண்ணமே அல்ல, சடங்குக்கான பாத்திரமாக இருக்கலாம் என்று வாதிடும் கொரிய ஆய்வாளர்களும் உண்டு. ஆனால் ஒரு விஷயத்தில் சர்ச்சை இல்லை. இதைச் செய்தவரின் பெயர் யாருக்கும் தெரியாது. கிஸாஎமோன் என்பது குயவரின் பெயர் அல்ல. பிற்காலத்தில் இதை வைத்திருந்ததாகச் சொல்லப்படும் ஒசாகா வியாபாரியின் பெயர்.

சாதாரணக் கிண்ணத்தைத் தேநீர் அறைக்குள் கொண்டு வரும் துணிச்சல் எங்கிருந்து வந்தது? அதற்கு முன் பெருந்தனக்காரர்களுக்குச் சீனத்துப் பளபளப்புதான் பெருமை. 16-ம் நூற்றாண்டில் அந்த ரசனையை மாற்றிய தேநீர் ஆசான்களில் முதன்மையானவர் சென் நோ ரிக்யூ. குனிந்து நுழையும் சிறிய வாசல், இரண்டே பாய் விரிக்கும் அளவு அறை, மங்கிய வெளிச்சம். அங்கே மின்னும் பாத்திரம் பொருந்தாது என்று அவர் நினைத்தார்.

தன் மனதில் இருந்த கிண்ணத்தைச் செய்யச் சோஜிரோ என்ற கைவினைஞரை ரிக்யூ நாடினார். சோஜிரோ சக்கரம் பயன்படுத்தவில்லை. மண்ணைக் கையாலேயே பிடித்து, பிறகு கத்தியால் செதுக்கி எடுத்தார். இப்படி வந்ததுதான் ‘ராக்கு’ வகைக் கிண்ணம். கறுப்பு ராக்கு, சூளையில் தகதகவென்று சிவந்திருக்கும்போதே இடுக்கியால் வெளியே இழுக்கப்படும். சட்டென்று ஆறும்போது பூச்சு கறுத்துவிடும். சோஜிரோவின் வழிவந்த ராக்கு குடும்பம் இன்றும் க்யோட்டோவில் இதே வேலையைச் செய்கிறது.

ரிக்யூவின் எஜமானர், நாட்டையே ஆண்ட டொயொடோமி ஹிடெயோஷி. தங்கத் தகடு போர்த்திய தேநீர் அறையை 1586-ல் அரண்மனைக்கே கொண்டுபோய்ப் பேரரசருக்குத் தேநீர் கொடுத்தவர். கறுப்புக் கிண்ணம் அவருக்குப் பிடிக்காது என்று ரிக்யூவே சொன்னதாக அக்கால வியாபாரி ஒருவரின் நாட்குறிப்பில் இருக்கிறது. பிடிக்காது என்று தெரிந்தும் ரிக்யூ கறுப்பை விடவில்லை. 1591-ல் ஹிடெயோஷியின் கட்டளைப்படி ரிக்யூ தன் வயிற்றைத் தானே கிழித்து உயிரை விட்டார். அதற்குப் பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. கிண்ணத்தின் நிறம் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் இருவருக்கும் இடையில் இருந்த தூரத்தை அந்தத் தங்க அறையும் கறுப்புக் கிண்ணமும் நன்றாகவே காட்டுகின்றன.

தேநீர் அறையில் கிண்ணத்தைக் கண்ணால் மட்டும் பார்ப்பதில்லை. இடது உள்ளங்கையில் வைத்து, வலது கையால் அணைத்துப் பிடிக்க வேண்டும். கிண்ணத்துக்கு ஒரு ‘முகம்’ உண்டு. விருந்தாளி அந்த முகத்தில் வாய் வைக்காமல், சற்றே திருப்பிக் குடிப்பார். பச்சைத் தேயிலைப் பொடியை வெந்நீரோடு மூங்கில் மத்தால் அடிக்க இடம் வேண்டும். அதனால் அடிப்பகுதி அகலமாக இருப்பது நல்லது. சூடு கையைச் சுடக் கூடாது. அதற்குச் சுவர் போதுமான தடிமனாக இருக்க வேண்டும். குளிர்காலத்துக்குச் சூடு ஆறாத ஆழமான கிண்ணம், கோடைக்கு வாய் அகன்ற தட்டையான கிண்ணம். குடித்து முடித்தபின் விருந்தாளி குனிந்து, பாயை ஒட்டியே கிண்ணத்தைப் பிடித்து, அடியைத் திருப்பிப் பார்ப்பார். தவறி விழுந்தாலும் உடையக் கூடாதே! அடிவளையத்தில்தான் குயவரின் கை ஒளிவுமறைவில்லாமல் தெரியும் என்பார்கள்.

இப்படிப் பார்க்கத் தெரிந்தவர்கள் வந்த பிறகு, கொரியக் கிண்ணங்களின் விலை எங்கேயோ போய்விட்டது. 1770-களில் மாட்சுடைரா ஃபுமாய் என்ற பிரபு, கிஸாஎமோன் கிண்ணத்தை 550 ரியோ பொற்காசு கொடுத்து வாங்கியதாகச் சொல்கிறார்கள். அதை வைத்திருப்பவருக்குக் கொப்புளக்கட்டி வரும் என்று ஒரு பேச்சும் இருந்தது. ஃபுமாயின் மனைவி, ‘இதைக் கொடுத்துவிடுங்கள்’ என்று கெஞ்சியும் அவர் கேட்கவில்லையாம். அவர் இறந்த பிறகுதான் கிண்ணம் கோஹோ-அன் மடத்துக்குப் போனது.

கதையின் இன்னொரு பக்கம் கசப்பானது. 1592 முதல் 1598 வரை ஹிடெயோஷியின் படைகள் இரண்டு முறை கொரியாவுக்குள் புகுந்தன. திரும்பி வந்த பிரபுக்கள் கொரியக் குயவர்களையும் தங்கள் ஊர்களுக்குக் கொண்டு வந்தார்கள். அரிட்டா, சாட்சுமா, ஹாகி என்று இன்று உலகமே புகழும் ஜப்பானியப் பானைக்கலை ஊர்கள் அவர்கள் கையால் வளர்ந்தவை. கிண்ணத்தைக் கொண்டாடியவர்கள், அதைச் செய்யத் தெரிந்தவர்களை வீட்டைவிட்டுப் பெயர்த்து எடுத்து வந்தார்கள்.

யனாகி வாழ்ந்த காலத்திலும் கொரியா ஜப்பானின் ஆட்சியில்தான் இருந்தது. சியோலின் பழைய அரண்மனை வாசலை இடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் 1922-ல் அதை எதிர்த்து எழுதிய ஜப்பானியர் அவர். 1924-ல் சியோலிலேயே கொரிய மக்கள் கலைக்கு ஒரு காட்சியகம் அமைத்தார். இருந்தும், கொரியக் கலையெல்லாம் சோகத்தின் அழகு என்று அவர் எழுதியதைக் கொரியர்கள் பலர் பின்னாளில் கண்டித்தார்கள். பாராட்டுக்குள்ளும் மேலேயிருந்து பார்க்கும் பார்வை இருக்க முடியும் என்பது அவர்கள் சொன்ன குறை. அதில் நியாயம் உண்டு. பெயர் தெரியாத குயவரின் வறுமையைத் தூரத்திலிருந்து அழகு என்று சொல்வது எளிது. அந்த வறுமையில் வாழ்ந்தவரிடம் யாரும் கேட்கவில்லை.

ஆனாலும் யனாகி எழுப்பிய ஒரு கேள்வி இன்றும் நிற்கிறது. கொரியக் கிண்ணத்தின் கோணல் தானாக வந்தது. பின்னால் வந்தவர்கள், கோணலே அழகு என்று வேண்டுமென்றே வளைத்தார்கள். ராக்குக் கிண்ணங்களைக்கூட அவர் இந்தக் கணக்கில்தான் சேர்த்தார். சோஜிரோவின் அமைதியான கறுப்புக் கிண்ணங்களைப் பார்த்தவர்கள் அந்தத் தீர்ப்பு கொஞ்சம் கடுமை என்பார்கள். ஆனால் எளிமையாகத் தெரிய வேண்டும் என்று பாடுபடும்போது எளிமை கைநழுவிப் போவது குயவருக்கு மட்டும் நேர்வதில்லை. சமைப்பவர், எழுதுபவர், வீடு கட்டுபவர் எல்லோருக்கும் நேர்கிறது.

இதற்கு ஒரு விடை ஹாகி ஊர்க் கிண்ணங்களில் இருக்கிறது. போர்க்காலத்தில் வந்த கொரியச் சகோதரர்கள் தொடங்கிய சூளை மரபு அது. அந்த மண் மென்மையானது, ஈரம் உறிஞ்சும். மேலே உள்ள நுண்ணிய விரிசல்கள் வழியாகத் தேநீர் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, வருடங்கள் போகப்போக நிறம் மாறிக்கொண்டே வரும். ‘ஹாகியின் ஏழு மாற்றம்’ என்று இதற்குப் பெயரே உண்டு. குயவர் பாதி வேலையைத்தான் முடிக்கிறார். மீதியைக் குடிப்பவர்கள், கழுவுபவர்கள், துடைத்து வைப்பவர்கள் முடிக்கிறார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினால் அந்த ஏழு மாற்றமும் வராது.